சொல்லாத வெங்காயம்

பிள்ளையள், உங்களை இந்த விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு எடுக்கேக்கை நேர்முகப் பரீட்சையிலை ஒரு கேள்வி கட்டாயம் கேட்டிருப்பினம். வளர்ந்து வாற ஒரு நாட்டின்ரை பொருளாதாரத்திலை விவசாயத்தின்ரை பங்கு என்ன? என்னட்டையும் கேட்டவை. வேலைவாய்ப்பு, உணவுப் பாதுகாப்பு, அந்நியச் செலாவணி எண்டு பாடமாக்கி வைச்சிருந்ததை மூச்சு விடாமல் ஒப்புவிச்சன். மேசைக்கு அங்காலை இருந்த மூண்டு பேரும் தலையாட்டிச்சினம். வேலை கிடைச்சுது. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான மறுமொழி எனக்குக் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேலை பிடிச்சுது.

புதுசா வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டியள். எத்தினை கிலோ பசளை, எத்தினை நாளுக்கு ஒருக்கால் மருந்து எண்டெல்லாம் நான் எழுதமாட்டன். அதெல்லாம் உங்கடை போனுக்குள்ளை கிடக்கு, என்னைவிட அதுக்கு வடிவாத் தெரியும். நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லுறன். அது போனுக்குள்ளை இல்லை.

இப்ப நான் அரியாலையிலை தம்பி வீட்டோடை இருக்கிறன். பென்சன் எடுத்து நாலு வருஷமாகுது. விடியப்புறத்திலை கடல்காத்து வந்து ஜன்னல் சீலையை அசைக்கேக்கை, அரைத் தூக்கத்திலை எனக்கு வெங்காயத் தோல் உரசிற சத்தம் கேக்கும். நீங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறியளோ தெரியாது. வெங்காயம் கிண்டி, தாள் காய்ஞ்ச பிறகு, கை கொள்ளுற அளவு சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையைத் தாங்கிற வளை மரத்திலை வரிசையாத் தொங்கவிடுவினம். அப்பிடிக் கட்டின ஒண்டைத்தான் பிடி எண்டு சொல்லுறது. ஒரு வளையிலை நூறு பிடி தொங்கேக்கை, சின்னக் காத்து வந்தால் போதும், தோல் எல்லாம் ஒண்டோடை ஒண்டு உரசி மழை தூறுற மாதிரி ஒரு சத்தம் வரும். கீழை இருந்து தேத்தண்ணி குடிச்சால் றோசா நிறத் தோல் ஒண்டிரண்டு தலைமயிரிலை வந்து விழும். மணம் ஒரு மாதிரி மயக்கும். வேலை எண்டு போன நான் எத்தினையோ வீட்டிலை அந்த வளைக்குக் கீழை என்னை மறந்து இருந்திருக்கிறன். கேட்ட கேள்வியும் மறந்து போகும், கையிலை இருக்கிற பேனையும் மறந்து போகும்.

உடுப்பிட்டிப் பக்கம் நான் கன காலம் வேலை செய்தனான். தை, மாசியிலை பனி மூடிக் கிடக்கேக்கை ஸ்கூட்டியிலை போவன். பத்தடிக்கு அங்காலை ஒண்டும் தெரியாது. தண்ணி இறைக்கிற மெசின்களின்ரை சத்தம் மட்டும் ஒவ்வொரு திக்கிலை இருந்தும் வரும். பனிக்குள்ளை இருந்து ஒரு ஆள் மண்வெட்டியோடை வெளியிலை வருவார், "என்ன மிஸ், வேளைக்கே?" எண்டு கேப்பார், திருப்பிப் பனிக்குள்ளை போயிடுவார். அது கனவோ உண்மையோ எண்டு இப்ப யோசிச்சால் எனக்கே சந்தேகமாக் கிடக்கு.

சரி, விசயத்துக்கு வாறன். எங்கடை சனத்திட்டை ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வளையிலை தொங்கிற வெங்காயத்தை ஒருத்தரும் வாய்விட்டு எண்ணமாட்டினம். கண்ணூறு பட்டிடுமாம். முதல் வருஷம் நான் இது தெரியாத ஆள் மாதிரி ஒரு வீட்டிலை நிமிர்ந்து பாத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." எண்டு சத்தமா எண்ணிப்போட்டன். வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லேல்லை, சிரிச்சபடி தேத்தண்ணியும் தந்தா. நான் படலையைத் தாண்டேல்லை, பின்னாலை அடுப்புக்குள்ளை செத்தல் மிளகாய் படபடவெண்டு வெடிக்குது! என்ரை கண்ணுக்குத்தான் சுத்திப் போட்டிருக்கிறா. இவ்வளவுக்கும் நான் ஒண்டும் பட்டணத்துப் பிள்ளை இல்லை, எங்கடை வீடும் வெங்காய வீடுதான். உத்தியோகம் வந்தவுடனை மூளை எங்கையோ போயிட்டுது.

அப்ப "எத்தினை பிடி இருக்கு?" எண்டு கேட்டால் என்ன சொல்லுவினம்? "ஏதோ கொஞ்சம் கிடக்கு மிஸ், விதைக்குக் காணும்." வளை முறியிற அளவுக்குத் தொங்கும், மறுமொழி மட்டும் இதுதான். மேலிடத்துக்கு இப்பிடி எழுத ஏலுமோ? அவைக்கு இலக்கம் வேணும். ஆனபடியாலை எங்கடை கந்தோருகளிலை ஒரு முறை இருந்தது. சொல்லுறது விதைக்கு, சொல்லாதது சந்தைக்கு. அதாவது, கமக்காரர் விதைக்குக் காணும் எண்டால், அவற்றை காணிக்கு எத்தினை பிடி விதை வேணுமெண்டு பாத்து அதை இரட்டிப்பாக்கிறது. ஆர் தொடங்கினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு முதல் அந்தக் கதிரையிலை இருந்தவர் சொல்லித் தந்தவர், அவருக்கு அவருக்கு முதல் இருந்தவர். வருஷா வருஷம் அது கிட்டத்தட்டச் சரியாவும் வந்தது. பிழை பிடிக்க ஏலாத முறை எண்டு நான் நினைச்சிருந்தன்.

உங்கடை தாளிலை எழுதிற அந்த இலக்கம் எங்கை போகுது எண்டு யோசிச்சுப் பாத்திருக்கிறியளோ? உடுப்பிட்டியிலை இருந்து யாழ்ப்பாணம் போகும், அங்கையிருந்து கொழும்பு போகும். வடக்கு வெங்காயமே நாட்டுக்குக் காணும், போதும் எண்டு இலக்கம் சொன்னால் வெளிநாட்டு வெங்காயத்துக்குக் கப்பலைக் கூப்பிடமாட்டினம். காணாது எண்டு சொன்னால் கூப்பிடுவினம். கப்பல் கூடாத நேரத்திலை வந்தால் எங்கடை கமக்காரனுக்கு விலை இல்லை. வரவேண்டிய நேரத்திலை வராட்டில் கொழும்பிலையும் கண்டியிலையும் கூலி வேலைக்குப் போறவன் சட்டியிலை வெங்காயம் இல்லை. நாடு எண்டு பெரிசாக் கதைக்கிறமே, அந்த நாடு உடுப்பிட்டியிலை ஒரு வீட்டு வளையை நிமிர்ந்து பாத்துத்தான் முடிவெடுக்குது. பாக்கிற கண் எங்கடை கண்.

நான் பிழை விட்ட அந்த வருஷம், வெங்காயம் உருண்டு காய் பிடிக்கிற நேரம் பாத்து மழை. தை மாதம் எந்த நாளும் பெய்தது. தாள் நுனி கருகி, பாத்தி பாத்தியாப் படுத்திட்டுது. மாசியிலை கணக்கெடுக்கப் போனன். ராணியக்கா வீட்டுக்கும் போனன்.

ராணியக்காவைப் பற்றிச் சொல்லவேணும். என்னைவிட ரெண்டு மூண்டு வயசு கூட. மனுசன் கொழும்பிலை ஒரு பலசரக்குக் கடையிலை நிக்கிறார், கோயில் திருவிழாவுக்கும் வருசப்பிறப்புக்கும்தான் வீட்டை வருவார். அவ எட்டுப் பரப்புத் தோட்டத்தைத் தனியச் செய்யிறா. எட்டுப் பரப்பு எண்டால் அரை ஏக்கர். காணி அவவின்ரை இல்லை, லண்டனிலை இருக்கிற ஒருத்தருடையது. ஒரு போகம் வெறுமையாக் கிடந்தால் வேறை ஆளுக்குக் குடுத்திடுவன் எண்டு அவர் முதலே சொல்லி வைச்சவர். தோட்டம் போனால் ராணியக்காவுக்கு மனுசனோடை கொழும்புக்குப் போறதைத் தவிர வேறை வழி இல்லை. கடைக்கு மேலை ஒரு அறை, ஒரு ஜன்னல். "அந்த ஜன்னலாலை பாத்தால் பக்கத்துச் சுவர் தெரியும் மிஸ், அவ்வளவுதான்" எண்டு ஒருக்கால் சொன்னவ.

அண்டைக்கு நான் கேள்வி கேக்க முதலே அவ என்ரை கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனா. வளையைக் காட்டினா.

"அறுவது பிடி மிஸ். எண்ணிச் சொல்லுறன், அறுவது. இது வைகாசி நடுகைக்கு மட்டுக்கு மட்டாக் காணும். சந்தைக்கு ஒரு பிடியும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ."

நான் நிமிர்ந்து பாத்தன். காத்து வந்தது, தோல் உரசிச்சுது, வழமை போலை நான் கொஞ்ச நேரம் எங்கையோ போய் வந்தன். பிறகு அறுவது எண்டு எழுதினன். மனதுக்குள்ளை ஒரு சிரிப்பு. எல்லாரும் விதைக்கு மட்டும்தான் எண்டுதானே சொல்லுறவை. அண்டைக்குப் போன மற்ற வீடுகளிலும் ஆக்கள் இலக்கம் சொல்லிச்சினம், இருபது, நாப்பது எண்டு. எனக்கு அது புதினமாப் படேல்லை. கந்தோருக்கு வந்து எல்லாத்தையும் இரட்டிப்பாக்கி அனுப்பினன்.

இப்ப யோசிச்சால் எனக்கு என்னிலையே கோவம் வருது. ஊர் முழுக்க வாய் திறந்து எண்ணிச் சொல்லுது, ஒருநாளும் சொல்லாத சனம் சொல்லுது, அது ஏன் எண்டு நான் கேக்கேல்லை! இருக்கிறதைத்தான் மறைப்பினம். இல்லாததுக்கு ஆர் கண் வைக்கிறது? மறைக்க ஒண்டும் இல்லாதபடியாலைதான் அவை உள்ளபடி சொன்னவை. வெங்காய வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிஞ்சிருக்க வேணும்.

பத்துப் பன்ரெண்டு நாளுக்குப் பிறகு, எங்கடை இலக்கங்களைப் பாத்துக் கப்பலுக்கு எழுதிற கொழும்பு அதிகாரி போனிலை கதைச்சார். சிங்களவர், தமிழைத் தட்டித் தடவிக் கதைப்பார், ஆனால் நல்ல மரியாதை. "மிஸ், வடக்கிலை இருந்து இன்னும் வெங்காயம் வரும்தானே? கப்பல் வேண்டாம் எண்டு எழுதப் போறன்."

"வரும் சேர்" எண்டன். ஒரு சொல்லுத்தான். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னனான்.

பங்குனி கடைசியிலை விலை ஏறத் தொடங்கிச்சுது. வருசப்பிறப்பு வருது, நாடு முழுக்க வெங்காயம் தேடுது. எங்கடை ஒழுங்கைக்குள்ளை லொறியள் வந்திட்டுது! சந்தைக்குக் கொண்டு போகவேண்டிய தேவையே இல்லை, படலையிலை வந்து நிண்டு வாங்குறாங்கள். அந்தப் பத்து நாளும் ஊர் ஒரு கனவுக்குள்ளை இருந்த மாதிரி. மழையிலை எல்லாம் போச்செண்டு இருந்த சனத்தின்ரை முகத்திலை சிரிப்பு. ஒரு வீட்டிலை பிள்ளைக்குச் சைக்கிள், ஒரு வீட்டிலை கிணத்துக்குப் புது மெசின். என்னைக் கண்டால் மறிச்சு, தோடம்பழமும் பலகாரமும் தந்து விடுகினம். எனக்கும் சந்தோசமாத்தான் கிடந்தது, பொய் சொல்லக்கூடாது. கப்பல் வராமல் மறிச்சு நான் ஏதோ நல்லது செய்துபோட்டன் எண்ட நினைப்போடை திரிஞ்சன்.

ஒருநாள் காலமை பத்து மணியிருக்கும், சந்தியிலை ஒரு லொறி நிண்டது. பக்கத்திலை ஸ்கூட்டியை நிப்பாட்டி, ஏத்தியிருந்த பிடியளைச் சும்மா பாத்தன். சின்னச் சின்னக் காய், இறுகின காய், கழுத்து மெல்லிசு, தாள் ரெண்டு மடிப்பாக் கட்டினது. சந்தைக்கு விக்கிற வெங்காயத்தை ஒருத்தரும் உப்பிடித் தெரிஞ்செடுத்துக் கட்டமாட்டினம். அது விதை. லொறி நிறைய விதை.

அந்த இடத்திலை என்ரை நித்திரை முறிஞ்சுது எண்டுதான் சொல்லவேணும். சொல்லாத வெங்காயம் எண்டு நான் எழுதி அனுப்பினது எங்கை? இந்த விலைக்கும் வெளியிலை வராத வெங்காயம் எண்டால் அது இல்லாத வெங்காயம். நான் இல்லாததை எழுதினன், கொழும்பு அதை நம்பிக் கப்பலை வேண்டாம் எண்டுது, தட்டுப்பாடு வந்துது, தட்டுப்பாட்டுக்குள்ளை சனம் வைகாசி நடுகையை ஏத்தி அனுப்புது. ஸ்கூட்டியைத் திருப்பினன். நேரை ராணியக்கா வீட்டுக்கு ஓடினன்.

படலையிலை இன்னொரு லொறி நிண்டது. லொறிக்காரத் தம்பி இறங்கி மதிலிலை சாய்ஞ்சபடி நிக்கிறார். உள்ளை ராணியக்கா போனைக் காதிலை வைச்சுக்கொண்டு வளையைப் பாத்தபடி நிக்கிறா. எல்லாம் அப்பிடியே தொங்குது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ரை மனுசன்தான் மிஸ் கொழும்பிலையிருந்து எடுத்தவர், விக்கச் சொல்லுறார்" எண்டா போனை வைச்சுப்போட்டு. "கடையிலை சனம் அரைக்கிலோ எண்டு கேட்டு, விலையைக் கேட்டுப்போட்டுத் திருப்பி வைச்சிட்டுப் போகுதாம். உது உந்த விலைக்கு இனி வராது, குடுத்திடு எண்டுறார். வைகாசிக்கு விதை வாங்கலாமாம்." என்னைத் திரும்பிப் பாத்தா. "நீங்கள் உதுக்குள்ளை இருக்கிற ஆள். சொல்லுங்கோ. விக்கட்டோ, வைக்கட்டோ?"

வெளியிலை லொறிக்காரத் தம்பி குரல் குடுத்தார்: "அக்கா, நான் அவசரப்படுத்தேல்லை. ஆனால் நாளைக்கும் இந்த விலை தருவன் எண்டு சொல்லமாட்டன்." நல்ல பெடியன்தான். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல ஏலாது.

பிள்ளையள், இந்த இடத்திலை கொஞ்சம் நில்லுங்கோ. "வையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு நான் வந்திருக்கலாம். ஆனால் ஏன் வைக்கவேணும் எண்டு அவ கேப்பா. வைகாசிக்கு விதை வாங்க ஊரிலை விதை இருக்காது, அது ஏன் இல்லை எண்டால் நான் எழுதின இலக்கம். அதைச் சொன்னால் அதோடை நிக்காது, இலக்கத்தைத் திருத்தவும் வேணும். திருத்தினால் கப்பல் வரும். கப்பல் வந்தால் இண்டைக்குச் சிரிக்கிற சனத்தின்ரை விலை விழும். எந்தப் பக்கம் போனாலும் ஆருக்கோ அடி. திருத்தாமல் விட்டால் நான்தான் காரணமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, மழையைச் சொல்லித் தப்பலாம். தப்பலாம் எண்டு எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுறன்.

"ராணியக்கா, விக்காதேங்கோ" எண்டன். "நீங்கள் அறுவது எண்டு சொன்னனீங்கள். நான் நூற்றியிருபது எண்டு எழுதினனான். எல்லாற்றையும் அப்பிடித்தான் எழுதினன். அதாலைதான் இந்த விலை."

அவவுக்கு முதல் விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. முகம் சிவந்து வந்தது.

"நான் எண்ணிச் சொன்னனான்" எண்டா, மெல்லமாத்தான். "என்ரை ஆயுளிலை ஒருநாளும் எண்ணாத வெங்காயத்தை உங்களுக்காக எண்ணிச் சொன்னனான். உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டியள் எண்டால், ஏன் மிஸ் வீடு வீடா வந்து கேக்கிறியள்? கந்தோரிலை இருந்தே எழுதலாமே!"

வெக்கத்திலை அழுகை வந்தது, அழவும் ஏலாமல் நிண்டன். மேலை தோல் உரசிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தம்பி, நீங்கள் போங்கோ" எண்டு ராணியக்கா வெளியாலை பாத்துச் சொன்னா. லொறி போற சத்தம் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டுது. பிறகு என்னைப் பாத்தா. "இப்ப எடுங்கோ போனை. எனக்கு முன்னாலை கதையுங்கோ."

எடுத்தன். கொழும்பு அதிகாரியின்ரை இலக்கத்தை ரெண்டு தரம் பிழையா அமத்தினன்.

"சேர், உடுப்பிட்டியிலை இருந்து கதைக்கிறன். நான் அனுப்பின கணக்குப் பிழை."

"எவ்வளவு பிழை மிஸ்?"

"பாதி. சந்தைக்கு வரும் எண்டு சொன்ன வெங்காயம் ஒண்டும் இல்லை சேர். இப்ப வாறது விதை."

"மற்ற இடங்கள்? மற்ற கந்தோருகள் அனுப்பினது?"

இதை நான் எதிர்பாக்கேல்லை. மாதக் கூட்டங்களிலை என்னோடை பதினைஞ்சு வருஷம் ஒரு மேசையிலை சோறு சாப்பிட்ட ஆக்களின்ரை முகமெல்லாம் கண்ணுக்கு முன்னாலை வந்துது. "அவையும் அப்பிடித்தான் போடுறவை சேர். எல்லா வருஷமும்."

"எழுத்திலை தருவீங்களா?"

"தாறன்."

போனை வைச்சன். ராணியக்கா வளைப் பக்கம் திரும்பிட்டா. தேத்தண்ணியும் தரேல்லை. நான் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வெளியிலை வந்தன்.

கப்பல் வந்தது. வருசப்பிறப்பு முடிய விலை விழுந்துது. இன்னும் ஏறும் எண்டு வைச்சிருந்த ஆக்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. உடுப்பிட்டிச் சந்தியிலை என்ரை ஸ்கூட்டியைக் கண்டால் "கப்பல் மிஸ் வாறா, கப்பல் மிஸ்!" எண்டு நக்கலடிப்பினம். அந்தப் பேர் இன்னும் போகேல்லை, போன மாதம் ஒரு கலியாண வீட்டிலையும் ஒருத்தர் அப்பிடித்தான் கூப்பிட்டார். கந்தோரிலை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கூட வேலை செய்த ஆக்கள் கொஞ்சக் காலம் என்னோடை கதைக்கேல்லை, என்ரை மேசையிலை வந்து சாப்பிடவும் இல்லை. அது எனக்குக் கடிதத்தைவிடக் கூட நொந்தது. இரட்டிப்பாக்கிறதை அதோடை நிப்பாட்டிப்போட்டினம், அதுவும் உண்மை.

நான் நல்ல காரியம் செய்தனான் எண்டு உங்களுக்குச் சொல்ல வரேல்லை. நான் திருத்தேக்கை ஊரின்ரை விதை முக்கால்வாசியும் போயிட்டுது. முதல் நாளே ராணியக்கா சொன்னதைக் காதிலை விழுத்தியிருந்தால் கப்பல் நேரத்துக்கு வந்திருக்கும், விலை உந்தக் கூத்து ஆடியிராது, விதையும் வளையிலை இருந்திருக்கும். நீங்கள் ஒரு முறையைப் பழகிக்கொண்டால் அது பத்து வருஷம் சரியா வரும். பதினோராவது வருஷம் அது ஆளைக் கொல்லும். அந்தப் பதினோராவது வருஷத்தை உங்களுக்கு ஒரு அறிக்கையும் காட்டாது. வழமையாப் பேசாத ஆள் வாய் திறக்கும், அதுதான் அடையாளம். அண்டைக்குப் பேனையைக் கீழை வைச்சுப்போட்டு, ஏன் எண்டு கேளுங்கோ.

வைகாசி பிறந்து ஒரு கிழமையாலை ராணியக்காவின்ரை போன் வந்தது. அதுவரைக்கும் அவ என்னோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. "நாளைக்கு விதை இறக்கிறன், வாங்கோ" எண்டா, வைச்சிட்டா.

பொழுது கிளம்ப முதல் போயிட்டன். நடுகைக்கு நாலு பொம்பிளையள் வந்திருந்தவை. ஏணி வைச்சு ஒவ்வொரு பிடியா இறக்கி, அவிட்டு, நசிச்சுப் பாத்தம். ஆறு பிடி உள்ளுக்குக் காய்ஞ்சு வெறும் தோலாப் போயிருந்தது, ரெண்டு மூண்டு மாதம் தொங்கினால் அப்பிடித்தான். ஐம்பத்திநாலு தேறிச்சுது. தோட்டத்துக்குக் கொண்டு போனம். அக்கம்பக்கத்துக் காணியள் எல்லாம் வெறுமையாக் கிடந்தது. போன வருஷம் இந்த நேரம் மெசின் சத்தத்திலை ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்க ஏலாது, அண்டைக்கு அந்தப் பக்கத்திலை எங்கடை மெசின் ஒண்டுதான் ஓடிச்சுது. அந்த அமைதியிலை, ஈர மண்ணிலை குந்தியிருந்து ஒவ்வொரு காயா ஊண்டிக்கொண்டு போகேக்கை எனக்கு நேரம் போனதே தெரியேல்லை. பக்கத்துக் காணிக்காரர் ஒருத்தர் வேலியோடை வந்து நிண்டு கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். அவர் முழுக்க வித்த ஆள். என்னை ஒண்டும் பேசேல்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அடுத்த மாதம் அவர் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டார்.

மத்தியானம் தாண்டேக்கை விதை முடிஞ்சுது. ஏழு பரப்பு நட்டாச்சு. கிழக்கு மூலையிலை ஒரு பரப்பு, பாத்தி கட்டினபடி, ஒண்டும் இல்லாமல் கிடந்தது. எல்லாரும் அதைப் பாத்தம்.

ராணியக்கா வாய்க்காலிலை கையைக் கழுவினா.

"கணக்குப் புத்தகம் கொண்டந்தனீங்களோ?"

"ஓம் அக்கா."

"எழுதுங்கோ. ஏழு பரப்பு, நட்டது."

எழுதினன்.

"அந்த மூலையையும் எழுதுங்கோ. ஒரு பரப்பு. நடேல்லை. விதை இல்லை."

என்ரை இத்தினை வருஷத்து உத்தியோகத்திலை நடாத காணியை நான் ஒருநாளும் எழுதினதில்லை. எங்கடை தாளிலை அதுக்கு ஒரு நிரலே இல்லை. ஓரத்திலை, கோட்டுக்கு வெளியாலை எழுதினன்: ஒரு பரப்பு, நடேல்லை, விதை இல்லை. அவ ஈரக் கையைச் சீலையிலை துடைச்சுப்போட்டுக் கிட்ட வந்தா. புத்தகத்தை என்ரை கையிலை இருந்து வாங்கி, நான் எழுதினதை எழுத்தெழுத்தா வாசிச்சுப் பாத்தா. ரெண்டு தரம் வாசிச்சா. பிறகு திருப்பித் தந்துபோட்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணியைத் திருப்பி விடப் போனா.